உங்கம்மா வச்ச சுடுதண்ணி

புந்தோங், ஈப்போ
தை மாசம், 1983

மக நவமணிக்கு,

நீ சொல்றதுதான் சரி தாயி, நான் எங்க இல்லேன்னேன்? இங்கிலாந்து பைப்புத் தண்ணி பளிங்கு மாதிரி சுத்தம், அப்படியே வாய வச்சுக் குடிக்கலாம், நீ நர்சு, உனக்குத் தெரியாததா. அதுக்காகப் பெத்தவளப் பாத்து, தண்ணி கொதிக்க வைக்கிறத நிறுத்து, இல்லாட்டி பிளேன் ஏறுன்னு சொல்லுவியா? சொன்னதோட விட்டியா, நீங்களே என்னான்னு கேளுங்கப்பான்னு எனக்கும் எழுதிட்ட. கால்ல மாவுக்கட்டோட கெடக்குற கெழவன்கிட்ட கடல் தாண்டிப் பஞ்சாயத்து. இரு, சண்டையக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு மொதல்ல கேக்க வேண்டியதக் கேட்டுக்கிறேன். நீ, மாப்ள அர்ச்சுனன், புதுசாப் பொறந்த என் பேத்தி, பிரசவம் பாக்கப் போன உங்கம்மா செல்லாயி நாலு பேரும் சொகமா இருக்கீங்களா? இங்க என் எடது காலத் தவிர எல்லாம் சொகம். சாமான் வாங்கப் போன பாசார் படியில வழுக்கி விழுந்தது நான்தான், ஆனா உங்கண்ணன் ஐயாவு என்னமோ நான் படிய ஒடச்ச மாதிரி ஏசிக்கிட்டு இருக்கான். இந்தக் கடிதாசிய அம்மாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டு. நடுவுல எதையும் முழுங்காத, எனக்குத் தெரிஞ்சு போகும்.

உன் கடிதாசி வந்த வாரமே உங்கம்மா பேசுன கேசட்டும் வந்துச்சு. மாப்ள கேசட்டுப் பொட்டிய ஓட விட்டுட்டு வேலைக்குப் போயிட்டாரு போல, தனியா உக்காந்து பேசியிருக்கா. ஏங்க, என்னைய வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுங்க, சன்னல் தொறக்க மாட்டேங்குது, கதவுப் பூட்டு எனக்குப் புடிபடல, வெளிய எல்லாம் வெள்ளையா மூடிக் கெடக்கு, எதிர் வீட்டுப் பொகைக்கூண்டப் பாத்துக்கிட்டே பொழுது போகுதுங்குறா. கறி தாளிச்சா செவுத்துல வாசம் ஒட்டுதாம், புள்ளையத் தூக்குனா இன்னும் நேரம் ஆகலன்னு நீ கடியாரத்தப் பாக்குறியாம். அவ பேசுறதுக்குப் பின்னால ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மழையோன்னு நெனச்சேன். அப்புறம்தான் வெளங்குச்சு, தண்ணி கொதிக்கிற சத்தம்.

அம்மா கரண்டுக் கேத்தலத் தூக்கி கேஸ் அடுப்பு மேல வச்சு அடிய உருக்கிட்டான்னு எழுதியிருந்த. அதப் படிச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல மாவுக்கட்டு விரிசல் உட்டுருக்கும். நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன், கேத்தலுன்னா அடுப்புல வைக்கிறது, செவுத்துல சொருகுறதா? ஆவி பட்டு செவுத்துல ஒட்டுன காயிதம் உரியுதுங்குற, அதுவும் சூசாதான், தொல்லைதான், ஒத்துக்குறேன். ஆனா தண்ணி விசயத்துல எந்த ஊருக்காரன் சரி, எந்த ஊருக்காரன் தப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியல. என் கூட்டாளி ராமசாமி சிங்கப்பூரு போயிட்டு வந்து, அங்க ரோட்டோரப் பைப்புலயே வாய வச்சுக் குடிக்கிறானுங்கன்னான். நான் தமிழ்நாட்டுக்குப் போனப்ப கெணத்துத் தண்ணிய வேட்டித் துணியில வடிகட்டி ஆசையாக் குடுத்தாங்க, குடிச்சுட்டு ஊரச் சுத்திப் பாக்காம கொல்லையத்தான் சுத்திப் பாத்தேன். இங்க சீனன் கோப்பிக்கடையில பச்சத்தண்ணி கேட்டா பைத்தியம்னு பாப்பான், சுடுதண்ணிதான் குடுப்பான். நாம முன்ன இருந்த ஆயர் தாவார் தோட்டத்து வெள்ளக்காரத் தொரைக்குக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, மறுபடி வடிகட்டிப் போத்தல்ல ஊத்தி வைப்பான் சமையக்காரன். அதே தொரை அவன் ஊருக்குப் போனா பைப்புல குடிக்கிறான். அப்ப அவனே ரெண்டு விதமாத்தானே இருக்கான், உங்கம்மாள மட்டும் ஏன் கோவிக்கிற?

அதுவும் நீ கிருமியப் பத்திப் பேசுற, அவ கிருமிங்குற பேச்சே எடுக்கல. பெத்த ஒடம்புக்குப் பச்சத்தண்ணி ஆகாதுங்குறா, அம்புட்டுதான். தண்ணி தங்கம் மாதிரி சுத்தமா இருந்தாலும் அவளுக்கு அது பச்சத்தண்ணிதான். ஆஸ்பத்திரியில புள்ள பெத்த கையோட நீ ஐசு போட்ட தண்ணிய மடக் மடக்குனு குடிச்சியாமே, அத மட்டும் கேசட்டுல ரெண்டு தடவ சொல்றா.

நீ பொறந்தப்ப அவளுக்குத் தண்ணி வச்சுக் குடுக்க ஒரு பொம்பள இல்ல. உங்க பாட்டி காம்பார்ப் பக்கம் வேற தோட்டத்துல இருந்துச்சு, வெள்ளம் வந்து பாதை அடச்சுப் போச்சு. நம்ம லயத்து வீட்டுப் பைப்புல செம்மண்ணு கரைச்ச மாதிரி தண்ணி. நான்தான் விடியக்காலம் பெரட்டுல நின்னு வேலைக்குப் பேரு குடுக்க ஓடுறதுக்கு முன்னால மண்ணெண்ண டின்னுல காய்ச்சி வச்சுட்டுப் போவேன். பால் வெட்டுற கித்தா மரத்து ஈர வெறகு, கண்ணு எரியும், தண்ணியெல்லாம் பொகை வாசம் அடிக்கும். என்னய்யா தண்ணி காய்ச்சுற, பொணம் எரிச்ச மாதிரி நாறுதுன்னு ஏசுவா. ஏசிக்கிட்டே சொட்டு விடாமக் குடிப்பா. அந்தத் தண்ணிதான் இப்ப உனக்கு வருது, பொகை இல்லாம.

இன்னொன்னு சொல்றேன், சிரிக்காத. உங்கண்ணி காளியம்மா தங்கமான புள்ள, எனக்கு ஒரு கொறையும் வைக்கல. கட்டிலுக்குப் பக்கத்துலயே சோறு, வெத்தல, துப்புறதுக்குக் கூடப் பாத்திரம். நீங்க அசையாதீங்க மாமான்னு தண்ணியக் கூட அதுதான் ஊத்திக் குடுக்குது. நான் சன்னல் வழியா எதிர்க் கடைக்காரன் வழுக்கத் தலையவே பாத்துக்கிட்டு இருக்கேன், உங்கம்மா பொகைக்கூண்டப் பாக்குற மாதிரி. முந்தாநாளு அது கடைக்குப் போன நேரம் பாத்து ஒத்தக் கால்ல தத்தித் தத்தி அடுப்பாங்கரைக்குப் போயி கேத்தல்ல தண்ணி வச்சேன். கொதிக்கிற சத்தம் கேட்டப்பதான் நான் இந்த வீட்டுல இருக்குற ஆளுன்னு தோணுச்சு. அப்புறம் மாட்டிக்கிட்டேன், ஏச்சு வாங்குனேன், அது வேற கதை. உங்கம்மாளுக்கு அங்க அந்த அடுப்பு ஒண்ணுதாம்மா இருக்கு. அதையும் அமத்திட்டா அவ என்னத்தப் புடிச்சுக்கிட்டு நிப்பா? வந்துடுன்னு சொல்ல என் வாயி துடிக்குது, ஆனா மொகத்தத் தூக்கிக்கிட்டு அவ வந்தா அப்புறம் உன் வாசப்படி மிதிக்க மாட்டா, பேத்தியையும் பாக்க மாட்டா. அவ புடிவாதம் எனக்குத் தெரியும், உனக்கும் அதே ரத்தந்தானே. இருன்னு சொன்னா அங்க அழுவுறா, வான்னு சொன்னா நீ அழுவ. நான் என்னான்னு சொல்ல?

ஏ செல்லாயி, கேக்குறியா? கரண்டுக் கேத்தல அடுப்புல ஏத்துன மகராசி! அங்க இருக்குற துணி தேய்க்கிற அயிரனையும் அடுப்புல வச்சுடாத. வெள்ளக்காரிங்க உன்னப் பாத்துத் தண்ணி சுட வைக்கக் கத்துக்கிட்டாங்களா, இல்ல நீ அவளுங்களப் பாத்துக் கவுனு போட ஆரம்பிச்சுட்டியா? கவுனு போட்டா ஒரு போட்டோ அனுப்பு, புந்தோங் பூரா ஒட்டி வைக்கிறேன்.

இப்ப அவ, கெழவனுக்கு வேலையில்லன்னு மொனகிக்கிட்டு எந்திரிச்சு அடுப்பாங்கரைக்குப் போயிருப்பா. அதுக்காகத்தான் அப்படிக் கேலியா எழுதுனேன். இனிமே எழுதுறது உனக்கு மட்டும். என் பேத்தி நோய் நொடி அண்டாம வளரணும், நீ திடமா எந்திரிக்கணும், மாரியம்மன வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். புதுக் கேத்தலு வாங்குனா அடுப்புல வைக்கிறதாப் பாத்து வாங்கு, மறக்காத. அவ இந்நேரம் டம்ளர்ல ஊத்தி உனக்குன்னு மூடி வச்சிருப்பா, கூப்புடத்தான் மாட்டா, ரோசக்காரி. நீயாப் போயி அவ எதுத்தாப்புல நின்னு குடி. ருசி சரியில்லன்னு ரெண்டு வார்த்தை ஏசு, ஏசிக்கிட்டே குடி, அவளுக்குப் புரியும். இன்னும் எழுத வேண்டியது கெடக்கு, அது கெடக்கட்டும். கடிதாசியக் கீழ வையி, எந்திரி தாயி, ஆறிடப் போவுது

உங்கப்பன்
பத்துமலை