எழுவர் மட்டும் பார்த்த செய்தி

வாதாடாமல் எதையும் ஒப்புக்கொள்ளாத என் அன்பு வீராசாமி அண்ணனுக்கு,

இரும்பு அலமாரி காலியாகிவிட்டது அண்ணே. தோட்டத்துக் கணக்கு எழுதும் நம் கிராணிமார் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் சேர்த்து வைத்த கூட்டக் குறிப்பு, சர்குலர், பழைய தோட்ட மேனேஜர் துரைமார் எழுதிய கடிதம் எல்லாம் இப்போது கணினியில் இருக்கின்றன. பெயரைத் தட்டினால் தாள் வந்து நிற்கிறது. நம் பிரிஞ்சாங் மலை மழையில் பூஞ்சை பிடித்த சில தாள்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அதற்கும் நீங்கள் என்னைத்தான் திட்டியிருப்பீர்கள்.

நாம் எத்தனை முறை சண்டை போட்டிருப்போம்? நான் செயலாளர் ஆனதும் வாட்ஸப் குரூப் தொடங்க வேண்டும் என்றேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தீர்கள்.

"சாவுச் செய்தியையுமா அதுல போடப் போற?"

"ஆமாண்ணே. ஒரு நிமிசத்துல எல்லாத் தோட்டத்துக்கும் போயிரும்லா. நீங்க மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு மழையில அலைய வேணாம்."

"போயிரும் சரி. ஆளு படிச்சானான்னு எப்படித் தெரியும்?"

நீல டிக் வரும் என்றேன். சிரித்தீர்கள். வாக்கெடுப்பில் நான்தான் ஜெயித்தேன். இருபத்தாறு வருடம் நீங்கள் செய்த வேலை அது. உறுப்பினர் யார் இறந்தாலும் சர்குலர் எழுதி, தோட்டம் தோட்டமாகப் போய், ஒவ்வொரு ஆபீசிலும் கையெழுத்து வாங்கி வருவீர்கள். அந்தத் தாளைத் துரையிடம் காட்டினால் உடனே லீவு கிடைக்கும். சங்கத்தார் வந்து பெட்டிக்குத் தோள் கொடுக்காமல் நம்மில் யாரும் வீட்டை விட்டுப் போனதில்லை.

பிறகு நான் ஒரு விதி வைத்தேன். யாரோ உயிரோடு இருந்தவரைச் செத்ததாகக் கதை கட்டிவிட்ட கோபத்தில் வைத்தது. வாய்ச்செய்தியை நம்பாதீர்கள், செயலாளர் குரூப்பில் போட்டால்தான் செய்தி, அதைத் துரையிடம் காட்டி லீவு கேளுங்கள் என்று எல்லாருக்கும் எழுதினேன்.

நீங்கள் போன அன்று காலை, உங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் செய்தியைத் தட்டினேன். மதியம் இரண்டு மணிக்கு எடுக்கிறோம் என்று எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தேன், டிக் நீலமாகிவிட்டது. எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நான் போட்டது எல்லாரும் இருக்கும் குரூப்பில் இல்லை, செயற்குழுவின் குரூப்பில் அண்ணே. அதில் இருப்பது என்னோடு சேர்த்து ஏழு பேர். அந்த ஏழு பேரும் அப்போது உங்கள் வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தோம், எந்தக் குரூப் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

இரண்டு மணி தாண்டியும் காத்திருந்தோம். அண்ணி இரண்டு தடவை ரோட்டை எட்டிப் பார்த்தார். கடைசியில் செயற்குழுவில் இருந்த நான்கு ஆண்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் உங்களைத் தூக்கினார்கள். எனக்கு மற்றவர்கள் மேல் ஆத்திரமாக வந்தது. அப்போதுகூட போனை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றரை மணிக்குக் கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிவலிங்கம் போன் செய்தார்.

"என்னா கோமளா, அண்ணன் போய்ட்டார்னு பசார்ல பேசிக்கிறாங்களே, உண்மையா? காலையிலேருந்து குரூப்பப் பாத்துக்கிட்டே இருக்கோம். நீ ஒண்ணும் போடலியேலா. சட்டைகூட மாத்திட்டு உக்காந்திருக்கேன்."

எடுத்தாயிற்று என்று சொன்னேன். அவர் அதைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பச் சொன்னது எனக்குக் கேட்டது.

இதுவரை சொன்னது என் தவறு. இனிச் சொல்வது என் குற்றம். பதினாறாம் நாள் சிவலிங்கமும் இன்னும் சிலரும் வந்து, தகவல் கிடைக்கவில்லை என்று அண்ணியிடம் அழுதார்கள். அவர்கள் போன பிறகு அண்ணி என்னிடம் கேட்டார்.

"நீ தகவல் அனுப்பினியாம்மா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். "அனுப்பினேன் அண்ணி. வடக்கால ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சு, அதான் வர முடியல," என்றேன். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார்.

போன வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நீங்கள் கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு வரும் சங்கத்துக் கோட்டை மடித்து, பேட்ஜோடு ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார்.

"இத நீயே கொண்டு போயிரு. அன்னைக்கு வடக்கால கோலா தெர்லாவுலேருந்து காய்கறி லோரி எல்லாம் வந்துச்சும்மா, ஜன்னல் வழியா நான்தான் பாத்தேனே, ரோடு ஒண்ணும் அடைக்கல. என் மனசு நோகக் கூடாதுன்னு நீ மறைக்கிற. அவங்க பாட்டுக்குத் தகவலே வரலேங்குறாங்க. அவர வேணாம்னு விட்டுட்டாங்க, அவ்ளோதானே?"

என் பொய்யை அவர் கருணை என்று நினைத்துக்கொண்டார் அண்ணே. உண்மையைச் சொன்ன சிவலிங்கம் பொய்யராகிவிட்டார். உங்களுக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர்கள் எல்லாம் அந்த வீட்டில் நன்றி கெட்டவர்களாகிவிட்டார்கள். பையை வாங்கிக்கொண்டு வந்தேன். காரில் உட்கார்ந்து அழுதேன். அழுதால் சரியாகிவிடுமா?

இரங்கல் சர்குலர்கள் இருந்த கோப்பை நான்தான் கணினிக்குப் படி எடுத்தேன். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், அதன் அடியில் எல்லாத் தோட்டத்துக் கையெழுத்தும். உங்கள் பெயரைத் தட்டினால் நீங்கள் பிறருக்கு எழுதியவை அத்தனையும் வருகின்றன. உங்களுக்கென்று எழுதியது ஒன்றுகூட வருவதில்லை. ஆளு படிச்சானா என்று எப்படித் தெரியும் என நீங்கள் அன்று கேட்டதற்குப் பதில் அந்தக் கையெழுத்துகள்தான் அண்ணே.

இந்தக் கடிதத்தை இன்று எல்லா உறுப்பினர்களும் இருக்கும் குரூப்பில் போடுகிறேன். எந்தக் குரூப் என்று மூன்று முறை பார்த்துவிட்டுத்தான். இனி நம்மில் யார் போனாலும் குரூப்பில் போட்ட கையோடு நானே தாளை எடுத்துக்கொண்டு கிளம்புவேன், எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாவிட்டாலும் கார் இருக்கிறது. அது சங்கத்துக்குத் தரும் வாக்கு.

அண்ணி எந்தக் குரூப்பிலும் இல்லை. நாளைக் காலை இதை அச்செடுத்துக்கொண்டு, அந்தக் கோட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். முதல் வரியிலிருந்து நானே வாசித்துக் காட்டுவேன். இனி என் முகத்தில் விழிக்காதே என்று அண்ணி சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன். ஆனால் அதற்கு முன், அன்றைக்கு உங்களை விட்டது அவர்கள் இல்லை, நான்தான் என்று அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

உங்களிடம் சண்டை போட்டு ஜெயித்த தங்கச்சி,
கோமளா