கிணற்றுக்குள் இறக்கிய மிசின்

மச்சான்,

இன்று காலை பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மிசின் ஓடத் தொடங்கியது. அந்தப் புகை மணம் மூக்கில் ஏறியதும் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். உரும்பிராயில் வெங்காயம் செய்கிறவனுக்கு மிசின் புகை ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? நீ இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

நீ இருந்த அந்தக் கடைசிக் கோடையில் கிணற்று நீர் அடிக்குப் போயிருந்தது. எல்லோரையும் போல நாங்களும் மிசினைக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் இருந்த படியில் வைத்து இறைத்தோம். எண்ணெய் விட நான்தான் இறங்கினேன். தலை சுற்றியது, கால் துவண்டது. எப்படியோ ஏறிவந்து வரம்பில் விழுந்தேன். நல்லூர்த் திருவிழாக் காலம், நான் விரதம்.

"உது விரதக் களை மச்சான். சோறு திண்டால் சரியாப்போம்" என்று முகத்தில் தண்ணீர் தெளித்தாய்.

நானும் ஓம் என்றேன். ஆனால் சோறு தின்ன முன்னமே, வெளிக்காற்றில் கிடந்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெளிந்துவிட்டது. புகைதானோ என்று மனதுக்குள் உறுத்தியது. புகைக்குப் பயந்தவன் என்று நீ பட்டம் வைப்பாய் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

நாலாம் நாள் நீ இறங்கினாய். உனக்கு விரதமில்லை, காலையில் வயிறு நிறையப் புட்டு சாப்பிட்டிருந்தாய். கூப்பிட்டேன், பதில் இல்லை. பின்னால் இறங்கப் போன என்னை மூன்று பேர் இழுத்துப் பிடித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது.

இப்போது தோட்டம் செய்யும் கமக்காரர் கூட்டங்களில் கதைக்கிறேன். மிசினை மேலேயே வையுங்கள், ஓடிய மிசினுக்குப் பக்கத்தில் இறங்காதீர்கள் என்கிறேன். "சும்மா தலை சுத்தினாலும் சொல்லுங்கோ. வெக்கப்படாதேங்கோ" என்கிறேன். உன் கதையையும் சொல்வேன். உனக்கு முன் மயங்கியவனை மட்டும் 'ஒருவர்' என்று சொல்லிவந்தேன்.

போன கிழமை கூட்டத்துக்கு உன் மனைவி வந்திருந்தாள். முடிந்ததும் கிட்ட வந்தாள்.

"அண்ணை, முதல் மயங்கின ஆள் ஆர்?"

"நான்தான்."

"அண்டைக்கே சொல்லியிருந்தால் அவரை நான் இறங்க விட்டிருக்க மாட்டன்" என்றாள். குரல் உயரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி, மச்சான். அந்த ஒரு வசனத்தோடுதான் இந்தக் கிழமை முழுக்கப் படுத்தெழும்புகிறேன். நாளை புத்தூரில் கூட்டம். அங்கே என் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன்.