பதினோரு கையெழுத்துகள்

ஐப்பசி 9, செவ்வாய்
விடியலிலிருந்து தூறல். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது. வலங்கைமானில் கிடைக்குமா, கேட்க வேண்டும்.
மிராசுதாரிடமிருந்து எடுத்துப் பிரித்துக்கொடுக்கும் உபரி நிலப் பட்டியலில் என் பெயர்! ஒரு ஏக்கர். அம்மா இறந்தபின் என் பெயரிலேயே மனுப் போட்டது. இரண்டு முறை வாசித்தேன்.

ஐப்பசி 11, வியாழன்
கர்ணம் கூப்பிட்டனுப்பினார். என் பெயரை நீக்கச் சொல்லி எங்கள் தெருவிலிருந்தே ஆட்சேப மனு. போலியோக் கால், வயலில் இறங்க முடியாது, நிலம் எதற்கு என்று. கீழே பதினோரு கையெழுத்து. பதினொன்றும் நான் சொல்லிக்கொடுத்தவை. கட்டைவிரல் மை இனி வேண்டாம் என்று போன கோடையில் சிலேட்டு வைத்து. செல்லம்மாள் அக்காவின் எழுத்து இன்னும் மல்லாந்து படுக்கிறது.
என்னவென்று தெரியாமல் போட்டிருப்பார்கள். படிக்கவும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். என் தப்பு.

ஐப்பசி 12, வெள்ளி
என் தப்பு இல்லை. குழாயடியில் அக்காவைக் கேட்டேன்.
"படிச்சுக் காட்டித்தான் வாங்குனாங்க. உம்மேல கோவமில்ல பாப்பா. உம் பேரு போனா அந்த ஏக்கரு எங்கள்ல ஒருத்தருக்கு வரும். உனக்கு யாராச்சும் ஒரு வாய் சோறு போட்டுடுவாங்க. எம் மவனுக்கு யாரு போடுவா?"
மறைக்கக்கூட இல்லை.
சுவரெல்லாம் 'உழுபவருக்கே நிலம்'. முப்பது வேலி நிலம் வைத்திருந்த மிராசுதார் ஒரு நாளாவது கால் நனைத்தாரா? அவர் காலை யார் பார்த்தார்கள்?
என்னால் முடிவது: மடை பார்ப்பது, களத்தில் உட்கார்ந்து புடைப்பது, காவல், கணக்கு. முடியாதது: நடவு. நடவைத் தனியாக நட்டவர் இந்த ஊரில் யார்?
சாப்பிடவில்லை. வெறுப்பு நன்றாகப் பசியடக்குகிறது.

ஐப்பசி 15, திங்கள்
எனக்கு ஒதுக்கிய வயலிலேயே விசாரணை. நல்ல வெயில். தெருவே வரப்பில். அதிகாரி குடையை மடக்காமல், "எறங்கிக் காட்டும்மா."
பின்னால் யாரோ: "கோலு மொளைச்சிடப் போவுது, பாத்து."
சிரிப்பு. அக்காவும் சிரித்தாள்.
இறங்கினேன். கோல் பாதி புதைந்துவிட்டது, இழுத்தால் வரவில்லை. விட்டுவிட்டு நின்றேன்.
"மத்தவங்களையும் எறங்கச் சொன்னீங்களா சார்?"
அவர் ஆட்சேப மனுவின் குறுக்கே கோடு போட்டு மடித்துக்கொண்டார். குடை போனது. தெருவும் போனது. ஒரு கையும் நீளவில்லை.
கரையேற ஒரு மணி நேரம். வரப்போடு தவழ்ந்தே வீடு. கோல் இன்னும் என் வயலில் நிற்கிறது.