இத்தா தொடங்கிய நேரம்

மச்சான்,

இன்று மதியம் உங்கள் போன் அடித்தது. ஒரு பெண்குரல். "அண்ணன் இருக்காரா? ஓ நெகட்டிவ் அர்ஜென்ட்டா வேணும்" என்றது. என் வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டார், இப்போது இல்லை என்று தடுமாறாமல் சொன்னேன். போனை வைத்த பிறகு அழுதேன்.

ரம்ஜானிலும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் ஷிப்ட் முடித்து, நோன்போடு ரத்தம் கொடுக்கக் கிளம்புவீர்கள். மாமி வாசலில் மறிப்பார். "நோன்பு முறிஞ்சிடும்டா!"

"பள்ளிவாசல் ஹஜ்ரத்தாண்ட கேட்டுக்கினுதாம்மா போறேன். முறியாது. மயங்கி வுழாம வந்தா சரி."

ஒருநாள் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னீர்கள்: "கிட்னி, கண்ணு எல்லாம் அல்லா நம்மகிட்ட நம்பிக் குடுத்து வெச்ச அமானிதம். இன்னொருத்தர் பொழைப்பாருன்னா குடுத்துடணும். வெல மட்டும் பேசக்கூடாது." நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யார் வீட்டுப் பேச்சோ என்று இருந்தேன்.

பிறகு பைபாஸில் லாரி உங்கள் வண்டியை அடித்தது. மூளை செத்துவிட்டது என்றார் டாக்டர். மெஷின் உங்கள் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. கை சூடாக இருந்தது. உறுப்புகளைத் தர சம்மதமா என்று என்னைக் கேட்டார்கள்.

மாமி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மூச்சு ஓடிக்கினு கீது, இத்தப் போயி உசுரு போன மையத்துன்னு சொல்லுவியா? எம்புள்ளைய உசுரோட அறுக்கச் சொல்றியா?"

ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன்.

"ஆலிம்களே ரெண்டு விதமா சொல்றாங்கம்மா. மூளை போனாலே மவுத்துன்னு சிலபேர், இதயம் நிக்கணும்னு சிலபேர். உசுரக் காப்பாத்தக் குடுக்கறது மார்க்கத்துல கூடும்னு நெறைய பேர் சொல்லிக்கீறாங்க. முடிவு உங்களுதுதான்."

"அப்போ விதவையா நான் இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாள், என் இத்தா, எப்போ ஆரம்பிக்குது ஹஜ்ரத்?"

சம்மதம் என்று சொன்னால், நம் வீட்டில் உங்களை மையத்து என்று முதலில் சொன்னவள் நானாகிவிடுவேன். "இதயம் நின்னதுலேர்ந்து எண்ணிக்கம்மா. அதுல யாருக்கும் தகராறு இல்ல" என்றார் ஹஜ்ரத்.

காலையில் சம்மதம் சொன்னேன். சாயங்காலம் ஆபரேஷன், அதில்தான் உங்கள் இதயம் நின்றது. தைத்துத் தந்தார்கள். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி அடக்கினோம். மாமி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளிவிடுகிறார். எனக்கும் அவர்மேல் கோபம் இருக்கிறது. உங்கள் சிறுநீரகம் யாருக்கோ பொருந்திவிட்டதாம், அதுவே ஆறுதல் என்கிறார்கள் வந்து போகிறவர்கள். அவர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம்.

இத்தாவை ஹஜ்ரத் சொன்னபடியே இருந்து முடித்தேன். ஆனால் நான் சம்மதம் சொன்னதற்கும் உங்கள் இதயம் நின்றதற்கும் நடுவே ஒரு பகல் இருந்தது. அந்தப் பகல் முழுக்க மாமிக்கு மகன் உயிரோடிருந்தார், நம் பிள்ளைகளுக்கு அத்தா உயிரோடிருந்தார். நான் மட்டும் விதவையாக இருந்தேன். அந்தப் பகல் எந்தக் கணக்கிலும் சேரவில்லை, மச்சான். அதை நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.