என் குடலைத் தூண்டிவிட்டவன்

மார்ச் 4, திங்கள்

எழுதுகிற கை என்னுடையது, எரிகிற வயிறும் என்னுடையது. ஆனாலும் இந்தப் பக்கங்களில் வரப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று என் குல முன்னோர் அனைவர்மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். நாளை படித்தால் நானே நம்புவேனா, தெரியாது.

போன சனிக்கிழமை முபெண்டே ஊரில் ஒரு பெண் கேட்பு. நான் மாப்பிள்ளை வீட்டுப் பேச்சுக்காரன், அவர்களுக்காகச் சபையில் வாதாடிப் பெண் கேட்கிறவன். ஏரியின் இந்தக் கரையில் என்னைவிடப் பெரிய பேச்சுக்காரன் பிறந்ததில்லை. பிறந்த ஒன்றிரண்டு பேரும் என் பேச்சைக் கேட்டு ஊமையாகிவிட்டார்கள். எதிரே பெண் வீட்டுப் பேச்சுக்காரர் கிகுண்டு. இரு பக்கமும் பந்தல், நடுவே புல்வெளி, இருவர் கையிலும் மைக்.

"வழி தவறி வந்தீங்களா, இல்ல காணாமப்போன மாட்டத் தேடி வந்தீங்களா?" என்று அவர் வழக்கம்போல வம்புக்கு இழுத்தார். பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. அப்போது வயிற்றில் ஒரு முறுக்கு. ஈரத்துணியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துப் பிழிவார்களே, அப்படி. நான் அணிந்திருந்ததோ வெள்ளைக் கான்சு, கணுக்கால்வரை தொங்கும் அங்கி. அதை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

முதுகுக்குப் பின்னால் மைக்கில் கிகுண்டுவின் குரல்: "மாப்பிள்ள வீட்டுக்காரங்க பேச ஆளக் கூட்டிட்டு வந்தாங்கன்னு நெனச்சேன். ஓட ஆளக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

எண்ணூறு பேர் சிரித்தார்கள். வாடகை நாற்காலிகள்கூடச் சிரித்தன. கழிப்பறையின் தகரக் கதவுக்குள் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

ஜூன் முதல் தேதி என் அண்ணன் மகன் சோசிக்குப் பெண் கேட்பு. பெண் வீட்டார் யாரைப் பேச அமர்த்தியிருக்கிறார்கள்? அவரையேதான்.

நல்லது. அதே மைக், அதே கிகுண்டு. அன்றைக்கு நான் எழமாட்டேன். அவர் முகத்தில் கரி பூசாமல் இந்தக் கான்சுவைக் கழற்றமாட்டேன். (துவைக்க மட்டும் கழற்றுவேன்.)

மார்ச் 7, வியாழன்

மசாக்காவில் டாக்டரம்மா. படம் எடுத்தார்கள், குழாய் விட்டார்கள், என்னிடம் கேட்டு வாங்கக் கூடாததையெல்லாம் டப்பாவில் கேட்டு வாங்கினார்கள்.

"புண் இல்ல, புழு இல்ல, கட்டி இல்ல," என்றார். "உங்க குடல் சட்டுனு எரிச்சல்படுற ஜாதி. உயிர எடுக்காது, சும்மாவும் விடாது. ஏதோ ஒரு சாப்பாடு அதத் தூண்டிவிடுது. ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க. எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்திராதீங்க, எது காரணம்னு தெரியாமப் போயிரும். மனசுல எதையாவது வச்சுப் புழுங்கினாலும் இது கூடும்."

"பழி வாங்கணும்னு நெனச்சா?"

"அதுவுந்தான்."

"அது கொறையாதும்மா. மருந்து மட்டும் எழுதுங்க."

ஆக, ஒரு துரோகி இருக்கிறான். என் தட்டில் உட்கார்ந்து, என் வாய் வழியாக நுழைந்து, கிகுண்டுவுக்கு வேலை பார்க்கிறான். அவனைக் கண்டுபிடித்து நாடு கடத்துவேன்.

மார்ச் 9, சனி

முதல் சந்தேகம் பீன்ஸ்மீது. பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு அதன்மேல் சந்தேகம் உண்டு. பானையைத் திறந்து, "இன்னையோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்றேன்.

"பானைகிட்டப் பேசுறீங்களா, எங்கிட்டயா?" என்றாள் நாலோங்கோ. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றதிலிருந்து ஊரே அவளை நாலோங்கோ என்றும் என்னை சாலோங்கோ என்றும்தான் கூப்பிடுகிறது. எங்கள் சொந்தப் பெயர்கள் எங்களுக்கே மறந்துவிட்டன.

மார்ச் 17, ஞாயிறு

பீன்ஸ் நிரபராதி. மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

மார்ச் 30, சனி

பால் தேநீர் பாதிக் குற்றவாளி. அதை விட்டதிலிருந்து வயிற்றுக்குள் நடந்துவந்த மத்தள வாசிப்பு நின்றது. ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. இன்று பள்ளிக்கூடக் கூட்டத்தில், செவ்வாயன்று பங்குச் சாமியார் வீட்டில், நேற்று அண்ணன் வீட்டில். போகிற வீடெல்லாம் ஓட்டம். அண்ணி ஒரு வாய்கூட எனக்குப் பரிமாறவில்லை. வாசலில் உட்காரவைத்து, காப்பிக்கொட்டை கொடுத்து, நலம் விசாரித்துக்கொண்டிருந்தாள், அதற்குள்ளேயே ஓட்டம்.

அப்படியென்றால் கிகுண்டு எனக்குச் சூனியம் வைத்திருக்கிறாரா? வீட்டுக்கு வீடு வைக்க அவரிடம் அவ்வளவு நேரம் ஏது?

ஏப்ரல் 13, சனி

வெங்காயத்தை விரட்டிப் பார்க்கிறேன். வெங்காயம் போடாத குழம்பு இந்த நாட்டில் எந்த வீட்டில் இருக்கிறது? இன்று ஒரு துக்க வீட்டில் தட்டை நீட்டினார்கள். எங்கள் ஊரில் நீட்டிய தட்டை மறுக்க ஒரே மரியாதையான வழிதான் உண்டு: அது தன் குலத்துக்கு விலக்கு என்று சொல்வது. ஆகவே நெஞ்சில் கை வைத்து, "வெங்காயம் எங்க குலத்துக்கு ஆகாது" என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் என் சொந்தக் குலத்தின் பெரியவர்.

"நம்ம குலத்துக்கு ஏரியில பிடிக்கிற நுரையீரல் மீன்தானடா விலக்கு?" என்றார். "எப்ப மாத்துனீங்க? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே?"

நாலோங்கோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அழுகை என்று துக்க வீட்டார் நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 26, வெள்ளி

வெங்காயமும் அல்ல. பலாப்பழமும் அல்ல. நிலக்கடலைக் குழம்பும் அல்ல. நான் சிறைவைக்கிற ஒவ்வொருவனும் நிரபராதியாக வெளியே வருகிறான். நான் மட்டும் இளைக்கிறேன். இடுப்புப் பட்டையில் புதுத் துளை போட்டாகிவிட்டது. சந்தைக்குப் போனால் காற்றுக்குப் பறந்துவிடாமல் இருக்க நாலோங்கோவின் கூடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வந்த விஷயம் அவர் முகத்திலேயே இருந்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. மசாக்காவுல ஒரு பையன் நல்லாப் பேசுறானாம். சோசிக்கு அவனக் கூப்பிடலாம்னு..."

"நான் செத்துட்டேனா?"

"சாகல. நடுவுல எந்திரிச்சுப் போயிட்டா? பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? புள்ளையோட நாளு அது."

அவர் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. அதுதான் வலிக்கிறது. முப்பது வருடமாக இந்தக் குடும்பத்தின் வாய் நான்தான். வாயைப் பிடுங்கிவிட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது இந்தக் குடல்தானே. மே கடைசிவரை தவணை கேட்டேன். சரி என்றார், என் கண்ணைப் பார்க்காமல்.

மே 6, திங்கள்

மலேரியா. படுக்கை. தொற்றிக்கொள்ளுமோ என்று ஒருவரும் வீட்டுப் பக்கம் வருவதில்லை. மலேரியா அப்படித் தொற்றாது என்று சொல்ல எனக்கும் தெம்பில்லை.

மே 10, வெள்ளி

காய்ச்சல் இறங்கியதும் வெறி ஏறியது. எப்படியும் மசாக்காப் பையன்தான் பேசப்போகிறான், எனக்கெதற்குக் கட்டுப்பாடு? எதிரிகள் அனைவரையும் ஒரே தட்டில் வரவழைத்தேன். பீன்ஸ், வெங்காயம் போட்ட நிலக்கடலைக் குழம்பு, வாழைக்காயை அவித்து மசித்த மட்டோக்கே ஒரு மலை, பின்னால் பலாச்சுளை. "வாங்கடா, எல்லாரும் சேந்தே வாங்க" என்று சொல்லிச் சொல்லித் தின்றேன். தின்றுவிட்டு, கழிப்பறைக்குப் போகும் வழியில் நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தேன்.

ஒருவனும் வரவில்லை.

மே 12, ஞாயிறு

இன்றும் ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது.

மே 13, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்தார். ஒரு பொட்டலம் காப்பிக்கொட்டையும் கொண்டுவந்தார் — மூலிகை போட்டு அவித்து, காயவைத்து, வாழைநாரில் கட்டியது. பிரித்துக் கூடையில் போட்டு நடுவில் வைத்தோம். மென்றபடி ஊர்க்கதை பேசினோம். அவர் போய்ப் படலைச் சாத்துவதற்குள் நான் ஓடினேன்.

திரும்பி வந்தபோது நாலோங்கோ இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"காலையில என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"வாயில என்ன?"

"இது சாப்பாடாடி? இது மரியாத."

சொன்னபின் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இத்தனை வாரமாகத் தட்டில் விழுந்த ஒவ்வொரு பருக்கையையும் விசாரித்தேன். வீட்டுக்கு வீடு வாசலில் கும்பிட்டுக் கொடுத்ததைக் கணக்கில் சேர்க்கவேயில்லை. யார் சேர்ப்பார்? விருந்தாளி உள்ளே வந்தால் நாற்காலி போடுகிறோம், கொட்டை கொடுக்கிறோம். நாற்காலியைச் சாப்பாடு என்று சொல்வோமா? அதுவும் பேசப் போகிற இடங்களில் தொண்டைக்கு நல்லது என்று கைப்பிடி கைப்பிடியாக மெல்கிறவன் நான். முபெண்டேயில் கூடை மூன்று தடவை வந்தது.

துரோகி தட்டில் இல்லை. வரவேற்பில் இருந்தான்.

மே 21, செவ்வாய்

கொட்டையை விட்டேன், பால் தேநீரை விட்டேன். குடல் குழந்தையைப் போலத் தூங்குகிறது. அண்ணனிடம் போய் நான்தான் பேசுவேன் என்றேன். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். "சரி" என்றார். இந்தத் தடவை என் கண்ணைப் பார்த்து.

ஒரு சிக்கல். பெண் வீட்டார் மண்டியிட்டுக் கூடையை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் பெண்ணையே வேண்டாம் என்ற மாதிரி. வாங்கினால் ஓட்டம்.

மே 29, புதன்

வழி பிறந்தது. வழி மட்டுமா, பழியும் கூடவே பிறந்தது. இரட்டைக்குத் தகப்பனாயிற்றே நான்.

ஜூன் 1, சனி

முகோனோ, பெண் வீட்டார் ஊர். காலையில் அவித்த மட்டோக்கேயும் கோழிக்கறியும் மட்டும். கான்சு பால்போல இருந்தது.

பெண் நபத்தான்சியின் தங்கைகள் மண்டியிட்டு முதல் கூடையை நீட்டினார்கள். தோலோடு காய்ந்த ஒரு காப்பிக்காயை எடுத்து மைக்கருகே உடைத்தேன். உள்ளே இரண்டு கொட்டை. "அந்தக் காலத்துல ஒரே காயில இருக்கிற ரெண்டையும் ஆளுக்கொண்ணாத் தின்னவங்க சாகுறவரைக்கும் ரத்த உறவு. இன்னையிலிருந்து கிகுண்டு ஐயா என் உடம்பொறப்பு. அவர் தின்னா எனக்கு நெறஞ்ச மாதிரி. என் பங்கையும் அவருக்கே குடுத்துருங்கம்மா" என்றேன். பெண்கள் குலவையிட்டார்கள். எண்ணூறு பேர் பார்க்க அவர் எப்படி மறுப்பார்? தின்றார். அத்தைகள் வரவேற்க வந்தார்கள், கூடை வந்தது, என் பங்கை அனுப்பினேன். அண்ணன்மார் வந்தார்கள், கூடை வந்தது, அனுப்பினேன். ஒவ்வொரு கொட்டைக்கும் உள்ளுக்குள் ஒரு அர்ச்சனை செய்தேன்.

வெயில் சாயும் நேரம் கிகுண்டு ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றார். நெற்றி வேர்த்தது. கால்மேல் கால் போட்டார், மாற்றிப் போட்டார். உதடு சிரித்தது, கண் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தேடியது. அந்த முகத்தை நான் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் உள்ளேயிருந்து எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு எழுந்து நடந்தார், நடை ஓட்டமானது.

பந்தல் முழுவதும் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்தேன். மைக்கை எடுத்தேன். அவர் எனக்குச் சொன்னதையே திருப்பிச் சொன்னேன், என் குரலில், வட்டியோடு. பந்தல் கூரை பறந்தது. சீர் கொடுக்கக் கொண்டுவந்து கட்டியிருந்த மாடு மல்லாந்து விழுந்து சிரித்தது. தலைநகர் கம்பாலாவில் கடைகளை அடைத்துவிட்டு, எங்கிருந்து சத்தம் என்று வெளியே வந்து பார்த்தார்களாம்.

நபத்தான்சியைக் கொடுத்துவிட்டார்கள். சோசி அழுதான். ஐந்து மணி நேரத்தில் நான் ஒரு தடவைகூடக் கழிப்பறைக்கு எழவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

குரல் போய்விட்டது. நேற்று எழுதியதை நாலோங்கோ படித்தாள். நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவளும் அந்தப் பந்தலில்தான் இருந்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

கிகுண்டு வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு தார் வாழை. நாலோங்கோ சுட்ட வாழைப்பழம் வைத்தாள்.

"பத்து வருஷமா அல்சர்னு மாத்திர திங்கிறேன் சாலோங்கோ," என்றார். "நீங்க என்ன பண்ணினீங்க, ஆளு தேறிட்டீங்களே?"

சொன்னேன். கொட்டையை விட்டுப் பாருங்கள், பிறகு பாலை விட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றாக. உங்கள் துரோகி வேறு ஆளாகவும் இருக்கலாம் என்றேன். டாக்டரம்மா இருக்கும் இடமும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது படலருகே நின்றார்.

"முபெண்டேயில நான் பேசின பேச்சு... முகோனோவுல நீங்க அதத் திருப்பிச் சொல்லியிருந்தா நான் இந்தத் தொழிலையே விட்டிருப்பேன்."

"போங்க, போங்க. வெயில் ஏறுது," என்றேன்.

சரி. பேரப்பிள்ளைகள் படித்துவிட்டுக் கூரை பறந்த கதையை ஊரெல்லாம் சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் கூரை பறக்கவில்லை, மாடு நின்றபடி புல் தின்றுகொண்டிருந்தது, நான் அந்த வரியைச் சொல்லவேயில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனேன், வாயும் திறந்தது. பந்தல் ஓரத்தில் நின்ற ஆட்டக்காரப் பெண்களைப் பார்த்து, "ஆடுங்கம்மா, அவர் வர்றவரைக்கும் நிறுத்தாதீங்க" என்றுதான் வந்தது. எல்லார் தலையும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அவருடைய முகத்தைப் பற்றி எழுதியது மட்டும் உண்மை.