டிரைவருக்குப் பின்னால் உன் சீட்

என் வசந்தா அக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்டால் சிரிப்பாய். அதனால் நீ கேட்கக்கூடிய கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் கொல்லிமலை போய்விட்டு வந்தோம். எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாயிற்று. புளிசாதம் கெடவில்லை. வேன்காரன் தகராறு பண்ணவில்லை.

ஆனால் நம்ம வேனில் இத்தனை வருஷமாக ஏறாத ஒருத்தி ஏறினாள். அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். மாமாவே சொல்லியிருப்பாரோ என்னவோ, உன் படத்துக்கு முன்னால் நின்று தினமும் எதையோ முணுமுணுக்கிறார். என்ன முணுமுணுக்கிறார் என்று கேட்டால் மழுப்புகிறார். அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"வந்துட்டாய்யா சி.ஐ.டி.!" என்று நீ சொல்வது காதில் விழுகிறது. சொல்லிக்கொள். நான் சந்தேகப்பட்டு எது பொய்யாகப் போயிருக்கிறது?

மெட்ராஸில் என் பிழைப்பு உனக்குத் தெரியும். காலையில் மின்சார ரயில், சாயந்திரம் அதே ரயில், தண்ணீர் லாரி வருகிற அன்றைக்குக் குடத்தோடு ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை பீச்சுக்குக் கூட்டிப் போய், சுண்டல் வாங்கிக் கொடுத்து, மணலைத் தட்டிக்கொண்டு திரும்பி வருவது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதே மே மாதத்துக்காகத்தான். பொங்கல் முடிந்த கையோடு நீ போன் பண்ணி, "இந்த வருஷம் எங்கடி போலாம்?" என்பாய். எனக்கு அன்றைக்குத்தான் வருஷமே பிறக்கும்.

வேன் பெரம்பலூரில் உன் வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்பும். டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பது நீ. முன்னால் டிரைவர் பக்கத்தில் மாமா. டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் நீ, உன் பக்கத்தில் நான். மலை ஏறினால் உனக்கு வாந்தி வந்துவிடும். "ஒண்ணுமில்லக்கா, அவ்வளவுதான், இன்னும் நாலு வளைவுதான்" என்று பொய் சொல்லிக்கொண்டே உன் முதுகைத் தடவிவிடுவேன். அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நித்யா சின்னப் பிள்ளையில் அதற்கு அடம் பிடித்து உன்னிடம் அடி வாங்கினாளே, ஞாபகம் இருக்கிறதா?

நீ எங்களை விட்டுப் போன வருஷம் யாரும் எங்கேயும் போகவில்லை. இந்த வருஷம் நான்தான் போன் பண்ணினேன்.

"மாமா, கொல்லிமலை போலாமா?"

"நீங்க போயிட்டு வாங்க சுமதி. நான் எதுக்கு?" என்றார்.

அழுதிருந்தால் நம்பியிருப்பேன் அக்கா. அந்தக் குரலில் அழுகை இல்லை, தயக்கம்தான் இருந்தது. உன் வீட்டுக்காரர் எதற்குத் தயங்க வேண்டும்? போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு ரேஷன் கடை அரிசில இருந்து எல்லாத்திலயும் சந்தேகம்" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ரயிலேறி அரியலூரில் இறங்கினேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே பஸ் ஊர்ந்து, தலையெல்லாம் வெள்ளைப் புழுதியோடு உன் வீட்டு வாசலில் போய் நின்றால், மாமா தலைக்கு மை போட்டிருக்கிறார்! கறுகறுவென்று. மீசைக்கும்.

"என்ன மாமா, இளமை திரும்புது?"

"ஆபீஸ்ல எல்லாரும் போடுறாங்க சுமதி. சும்மா..." என்று தலையைத் தடவிக்கொண்டார்.

டிவி மேல் ஒரு காகிதத்தில் குங்குமம் மடித்து வைத்திருந்தது. யார் கோயிலுக்குப் போனது என்று கேட்டேன். "நான்தான். புதன்கிழமை ஆபீஸ் வுட்டதும் சிறுவாச்சூர் போயிட்டு வந்தேன்" என்றார். நீ கெஞ்சிக் கூப்பிட்டும் கோயில் வாசல் மிதிக்காத மனுஷன்! அதுகூடப் போகட்டும். சிறுவாச்சூர் அம்மனைத் திங்களும் வெள்ளியும்தான் பார்க்க முடியும் என்று நம்ம ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கோயில் பக்கமே தலை வைத்துப் படுக்காதவருக்கு அது தெரியவில்லை. "நல்லது மாமா" என்று சொல்லி அந்தக் குங்குமத்தையே எடுத்து இட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து அடுப்படியில் நுழைந்தேன். தட்டு, தம்ளர், தூக்கு, எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'ம. வசந்தா' என்று உன் பெயர்தான் வெட்டியிருந்தது, அப்பா உன் கல்யாணத்துக்குக் கடையில் நின்று வெட்டி வாங்கியது. மேல் தட்டில், டவல் போட்டு மூடி ஒரு எவர்சில்வர் டப்பா. அதில் வேறு பெயர். 'கு. கலைச்செல்வி.'

உன் அடுப்படியில் இன்னொருத்தி பெயர் அக்கா. திறந்தால் கழுவித் துடைத்து, உள்ளே ஒரு கை சர்க்கரை போட்டு வைத்திருந்தார். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நீதானே? நீ சொல்லிக்கொடுத்த மரியாதை எந்த வீட்டுக்குப் போகிறது பார்த்தாயா?

திருச்சி ஹாஸ்டலில் இருக்கிற உன் மகளுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"கலைச்செல்வி யாருடி?"

நித்யா பெருமூச்சு விட்டாள். "டப்பாவைப் பாத்துட்டீங்களா சித்தி? ஒளிச்சு வைங்கப்பான்னு சொன்னேன்."

பெற்ற பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது! மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். அரியலூரில் மாமா ஆபீஸுக்குப் பக்கத்தில் டெய்லர் கடை வைத்திருக்கிறாளாம். சொந்த ஊர் ஜெயங்கொண்டம். புருஷன் செத்து ரொம்ப வருஷமாம், பிள்ளை இல்லை. உன் பட்டு ரவிக்கைகளை நித்யாவுக்குப் பிடித்துத் தைக்க மாமா அவளிடம்தான் கொடுத்திருக்கிறார். அப்படிப் பழக்கம். அந்த டப்பாவில் வந்த பச்சை முந்திரிக் குழம்பு, டிவி மேல் இருந்த குங்குமம், எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

"கல்யாணமாடி?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கலாம்னு இருக்காங்க. உங்களுக்குச் சொல்லாம கூடாதுன்னு அப்பா நிக்கிறாரு. சொன்னா நீங்க கத்துவீங்கன்னு பயமும் இருக்கு."

"நான் எப்பக் கத்தினேன்?"

"இப்பவே கத்துறீங்க சித்தி."

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். அந்த அம்மாவையும் கொல்லிமலைக்குக் கூட்டிப் போகலாமாம், ஒரு நாள் கூட இருந்தால் எனக்கும் பழகிவிடுமாம். எப்படித் திட்டம் போட்டிருக்கிறார்கள் பார்! ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு கடைசியாக எனக்கு. "வரட்டும், ஆனா ஒண்ணு. உங்கம்மா சீட்ல அவ உக்காரக்கூடாது. அதுக்குச் சம்மதம்னா வேன் கிளம்பும்" என்றேன். உன் அடுப்படி போயாயிற்று, உன் வீடு போகப்போகிறது. அந்த ஒரு சீட்டையாவது நான் காப்பாற்ற வேண்டாமா?

திங்கட்கிழமை மாமா ஆபீஸ் கிளம்பியதும் அரியலூருக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். கையில் அந்த டப்பா. சர்க்கரையை உன் வீட்டு டப்பாவிலேயே கொட்டிவிட்டுத்தான் கொண்டு போனேன்.

டெய்லர் கடையில் அவள்தான் இருந்தாள். கறுப்பாக, பூசினாற்போல் உடம்பு. கழுத்தில் அளவு டேப். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. டப்பாவை மிஷின் மேல் வைத்தேன். "உங்க பாத்திரம். நான் சுமதி."

எழுந்து நின்றுவிட்டாள். "வாங்க, உக்காருங்க. டீ சொல்லவா?" என்று தடுமாறினாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூடி வைத்தாள். சர்க்கரை இல்லாததற்கு அர்த்தம் அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அது போதும் என்று இருந்தது.

"கொல்லிமலைக்கு வரீங்களாமே?"

"ஐயோ, நான் வரலன்னுதாங்க சொன்னேன். வளைவு ரோடு எனக்கு ஆகாதுங்க, வாந்தி வந்துரும். நித்யா பாப்பாதான் வுட மாட்டேங்குது."

பார்த்தாயா? வாந்தியாம்! உனக்கு இருந்த அதே வியாதி. யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? இது ஜன்னல் சீட்டுக்கு அடி போடுகிற பேச்சு என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. "மாத்திரை போட்டுக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமல் ரயிலேறினேன்.

மே மாதம் வந்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கமெல்லாம் ரோட்டை நாலு வழியாக்குகிறேன் என்று தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பெரம்பலூர் வந்து சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. விடிகாலையில் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். யாரும் ஏறுவதற்கு முன்னால் ஏறி உன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து சீட்டில் என் கைப்பையை வைத்து மறித்தேன். கலைச்செல்வி நித்யாவோடு எனக்குப் பின்னால் போய் நடுவில் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கடைசியில். காலடியில் சாப்பாட்டுப் பை, அதற்குள் உன் பெயர் வெட்டிய தூக்கும் அவள் பெயர் வெட்டிய டப்பாவும் துறையூர் வரை ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

உன் சீட்டில் உட்கார்ந்தால் என்னவோ கிடைக்கும் என்று நினைத்தேன் அக்கா. முகத்தில் வெயில்தான் அடித்தது. பக்கத்தில் பேச ஆளில்லை.

மலை தொடங்கியது. நாலைந்து வளைவு வரை அவள் நித்யாவோடு பேசிக்கொண்டு வந்தாள். பிறகு பேச்சு நின்றுபோனது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நடிக்கிறாளோ என்று விடாமல் பார்த்தேன். நடிக்கிறவள் ஒரு தடவையாவது என் பக்கம் பார்ப்பாள். இவள் பார்க்கவே இல்லை. நெற்றியில் வேர்த்து, குங்குமம் மூக்கு வரை இறங்கியிருந்தது. நீயாக இருந்தால் மூன்றாவது வளைவிலேயே, "யோவ், வண்டிய நிறுத்துய்யா" என்று வேனை இரண்டாக்கியிருப்பாய். இவள் வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை. நான் போட்ட நிபந்தனை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"சித்தி..." என்றாள் நித்யா.

"எந்திரிச்சு வாங்க" என்றேன்.

"வேணாங்க. சமாளிச்சுக்குவேன்."

"சமாளிச்சு என் புள்ள நித்யா மேல வாந்தி எடுக்கவா? வாங்கங்கறேன்!"

வந்தாள். கைப்பையைத் தூக்கிவிட்டு நான் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தேன், அதாவது என் பழைய சீட்டுக்கு. உட்கார்ந்தாளோ இல்லையோ, தலையை வெளியே நீட்டிவிட்டாள். மாமா திரும்பிப் பார்க்காமலே தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார், உனக்கு நீட்டுவாரே, அதே மாதிரி. வாங்கிய என் கை அவள் முதுகுக்கும் போய்விட்டது. உன் முதுகு எலும்பாக இருக்கும். இவளுக்குச் சதை. தடவும்போதெல்லாம் அது உன் முதுகு இல்லை என்று கை சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் வாய்க்கு அது தெரியவில்லை.

"ஒண்ணுமில்லக்கா, அவ்வளவுதான், இன்னும் நாலு வளைவுதான்."

சொல்லிவிட்டேன். அவள் ஈர முகத்தோடு திரும்பி என்னைப் பார்த்தாள். மாமாவின் கழுத்து அசையாமல் நின்றது. உன்னைக் கூப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைப்பையில் இருந்த எலுமிச்சம்பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் தடவினேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இதற்காக நான் அவளை நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. புளிசாதத்தில் வெல்லம் போடுகிறாள், எதை மறைக்கவோ. மாமா உன் படத்துக்கு முன்னால் என்ன முணுமுணுக்கிறார் என்பதையும் நான் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை. உனக்குக் கோபமா அக்கா? அதை மட்டும் யாரிடம் போய் விசாரிப்பது என்று தெரியவில்லை.

அடுத்த மே மாதம் ஏற்காடு. வேன் உன் வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்பும், எலுமிச்சம்பழம் நான் வைப்பேன். உன் சீட்டில் அவளே உட்காரட்டும். பக்கத்து சீட்டை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன், சத்தியம்.

முதுகு தடவ எப்போதும் பக்கத்தில் இருக்கிற,
உன் தங்கச்சி சி.ஐ.டி. சுமதி