பொம்மையின் வாயில் உன் குரல்

அக்கா,

என் காரின் கண்ணாடியில், நீ கொடுத்த ஜெபமாலைக்குப் பக்கத்தில், இப்போது ஒரு பேய்ப் பொம்மை தொங்குகிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு கண் இல்லை, கையில் வெட்டுக்கத்தி. படம் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள். என் மகள் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். புது ரப்பர் வாடை இன்னும் போகவில்லை, வெயிலில் நின்ற காரைத் திறந்தால் அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. கழற்றி வீசலாம் என்று கையை நீட்டுவேன், பிறகு விட்டுவிடுவேன்.

நீ கண்ணை மூடிய பிறகு எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் முகம் மறக்கவில்லை. குரல்தான் தேய்ந்துகொண்டே வந்தது. ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் வரைக்கும் நம் சபையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் நீதான் போய் முழங்காலிட்டு ஜெபம் சொல்வாய். "புனித மரியே" என்று நீ இழுத்தால், மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பவர்கள்கூட "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிவிடுவார்கள். அத்தனை பேர் கேட்ட குரலை ஒருவரும் பதிவு செய்து வைக்கவில்லை. அத்தான் உன் போனைத் திரை மாற்றக் கொடுத்தார். கடைக்காரப் பையன் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துத் துடைத்துக் கொடுத்துவிட்டான். கொஞ்ச நாளில் எனக்கும் நீ என்னைக் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வராமல் போயிற்று. வெளியில் சொல்லப் பயமாக இருந்தது, அக்கா. உன்னை இரண்டாவது தடவை தொலைக்கிறேன் என்று தோன்றியது.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. நம் கோயில் பிள்ளைகள் சேர்ந்து எடுத்தது. கொலைகாரப் பொம்மையாம், அதில் நகைச்சுவையாம். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. வீட்டில் பேய்ப் படம் ஓடினால் தொலைக்காட்சியை அணைக்கிற ஆள், கோயில் செயற்குழுத் தலைவர் வேறு. ஞாயிறு பூசை முடிந்து, பிள்ளைகளுக்கு ஆதரவு கொடுக்க வேண்டும் என்று எல்லாரும் பேரங்காடியில் இருக்கும் சினிமாக் கொட்டகைக்குக் கிளம்பினார்கள். மகள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாக வாங்கிய பொம்மை ஒன்று ஸ்கூடாயில் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வருகிறது. வந்து கொல்கிறது, கதை அவ்வளவுதான். பொம்மையை ஆட்டும் கம்பி பளிச்சென்று தெரிகிறது. ரத்தம் ரோஜா சிராப் தண்ணீர் நிறத்தில் இருக்கிறது. ஒருவனை முள்ளு முள்ளான டுரியான் பழத்தைத் தலையில் போட்டே கொல்கிறது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு, எப்போது முடியும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை பேசாத பொம்மை, டுரியானால் செத்தவனின் சவப்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தது. அடுத்து சாகப்போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"மேல்மாடிக் கோபாலே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார் எனக்கு முன்னால் இருந்த சூசை அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், எந்தச் சாவு வீட்டிலும் உனக்கு முதல் பதில் அவருடையதாகத்தான் இருக்கும்.

"வாடகை வாங்கும் பொன்னையாவே..."

இந்தத் தடவை அவர் வரிசை முழுக்கச் சொன்னது. என் வாயும் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான், யாருக்குப் பதில் சொன்னோம் என்று உறைத்தது. மகள் என் முழங்கையைப் பிடித்தாள். "அப்பா, அத்தை குரல் லா இது."

மற்றவர்கள் இதுவும் படத்தில் ஒரு வேடிக்கை என்று நினைக்க, அடுத்த பெயருக்குக் கொட்டகை மொத்தமும் சேர்ந்து வேண்டிக்கொண்டது. அப்போது பொம்மை சிரித்தது. வயிற்றிலிருந்து கிளம்பிய, வெட்கமே இல்லாத, முரட்டுச் சிரிப்பு. உன் தொண்டையிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் கேட்டதே இல்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நேரே அத்தான் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"குரல் பதியுற எடத்துக்கு நாந்தான மோட்டார்ல கொண்டு போயி விட்டேன். படம் எடுத்த பையனோட அப்பா செத்தப்ப இவ ஜெபம் சொன்னத கேட்டுட்டு, பொம்மைக்குக் குரல் குடுக்கச் சொல்லி அந்தப் பையன் வந்து கேட்டான். எழுதிக் குடுத்த பேரத்தான் படிச்சா, இழுவை தானா வந்திருச்சு. போற வழியெல்லாம் பின்னாடி உக்காந்து சிரிச்சுப் பழகுவா. சிவப்பு விளக்குல நின்னா பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடிய ஏத்திக்குவான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அத்தான் வாளியைக் கீழே வைத்தார். "என் குரலக் கேட்டாலே சனங்க அழுவுறாங்க, ஒரு தடவையாவது சிரிக்கட்டும்னா. தம்பிக்குத் தெரிஞ்சா நிறுத்திருவான், அவன்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்கன்னா."

பொம்மை வாயைத் திறந்தபோதுகூட நான் இப்படி அதிர்ந்துபோகவில்லை. நிறுத்தியிருப்பேன்தான், அக்கா. அதை நீ சரியாகத்தான் கணித்திருக்கிறாய். ஆனாலும் எனக்கு உன்மேல் கோபம். என்னைத் தூக்கி வளர்த்தவள், ஊரையெல்லாம் சிரிக்க வைக்கப் போகும்போது என்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய்.

"நீங்க படம் பாத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. தனியா போயி அவ குரலக் கேக்க தைரியம் வரல."

அந்த வாரமே ஒரு பகல் காட்சிக்கு அவரை அழைத்துப் போனேன். கொட்டகை பாதி காலி. சவப்பெட்டிக் காட்சியில் அத்தான் இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் பார்க்காத படம். கடைசியில் பொம்மையைப் பிடித்துக் கட்டி, எரிகிற குப்பையில் போடத் தூக்குகிறார்கள். அது கத்தவில்லை, சபிக்கவில்லை. தூக்கியவனை ஒற்றைக் கண்ணால் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சாப்டியா?" என்று கேட்டது. கொட்டகை சிரிப்பில் வெடித்தது.

"சாப்டேன்" என்றார் என் பக்கத்தில் அத்தான், மெதுவாக. "நீ?"

பொம்மை தீயில் விழுந்து, அந்த முரட்டுச் சிரிப்பைச் சிரித்தது. அவர் திரையைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

படம் இந்த வாரத்தோடு போய்விடுமாம். போகட்டும். உன் குரல் எனக்குத் திரும்ப வந்துவிட்டது, அக்கா. பூசையில் கண்ணை மூடினால் இப்போது முதலில் கேட்பது அந்தச் சிரிப்புதான், நான் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் நீ சிரிக்காமல் வைத்திருந்த சிரிப்பு.